காலி கேனும் கூப்பனும்

கேள்வி: கடந்த ஜனவரியில் சென்னையில் ஒரு முழு மாரத்தான் ஓடினேன். வயது 46, இதுதான் முதல் முறை. அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கி, முடிக்கக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆனது. கட்டணம் 1,800 ரூபாய். 27-வது கிலோமீட்டரில் ஒரு தன்னார்வலர் தவறான சாலையில் திருப்பிவிட்டதால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடினேன். 31-க்குப் பிறகு எந்த மேசையிலும் தண்ணீர் இல்லை. ஓரிடத்தில் பள்ளிப் பையன் ஒருவன் கேனைக் கவிழ்த்துக் காட்டி, "சாரி ஆன்ட்டி, தீர்ந்துபோச்சு" என்றான். எதிரே டீக்கடைக்காரர்தான் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் அடுத்த ஆண்டுக்கான 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றால், "நல்ல காரியத்துக்கு நடத்துறாங்க, இதுக்குப் போய் கணக்குப் பார்க்கணுமா?" என்கிறார்கள் குழு நண்பர்கள். நான் கேட்பது தப்பா?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, தப்பே இல்லை. கேளுங்கள்.

நாலு மணிக்குத் தொடங்கும் ஓட்டத்தை மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவர், வெயில் உறைப்பதற்குள் மெடலோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நீங்கள் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஓடியிருக்கிறீர்கள். ஜனவரியிலும் பிசுபிசுக்கும் நம் ஊர்க் காற்றில், பத்து மணி வெயில் வரை. தண்ணீர் அதிகம் தேவைப்படுவது உங்களைப் போன்றவர்களுக்கு. மேசை காலியாவதும் உங்களுக்குத்தான். கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்று. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே கூப்பன் என்பதை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. தாகத்தோடு 11 கிலோமீட்டர் ஓடியவரையும் குறையே தெரியாமல் ஓடி முடித்தவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. போதாததற்கு, அதைப் பயன்படுத்த நீங்கள் மறுபடி அவர்களிடமே பணம் கட்ட வேண்டும்.

மழை, புயல் என்றால் என் பதில் கொஞ்சம் மாறும். 2012-ல் சாண்டி புயலால் நியூயார்க் மாரத்தான் ரத்தானது. யார் பிழையுமில்லை. அப்போதுகூடப் பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திரும்பப் பெறுவது உட்பட மூன்று வழிகள் கொடுத்து, தேர்வை அவர்களிடமே விட்டார்கள். பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்பது முன்கூட்டியே தெரிந்த ஓட்டத்தில் தண்ணீர் தீர்வது இயற்கைச் சீற்றம் இல்லையே!

நேரத்தைப் பற்றி ஒன்று. கூடுதல் தூரத்தைக் கழித்துப் புது நேரம் தரச் சொல்லாதீர்கள். தூரம் பிசகினால் நேரத்துக்கு மதிப்பில்லை. மான்செஸ்டர் மாரத்தான் பாதை 2013 முதல் 2015 வரை 380 மீட்டர் குறைவாக இருந்தது பின்னால் தெரியவந்தது. அந்த நேரங்கள் செல்லாமல் போயின. 2021-ல் பிரைட்டன் மாரத்தான் பாதை 568 மீட்டர் கூடிவிட்டது. ஏற்பாட்டாளர்கள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். உங்களுக்கும் அதுதான் வேண்டும்: பாதை மாறியது எங்கள் பிழை, இந்த எண்ணை அணிந்து ஓடியவர் முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி முடித்தார் என்று கையெழுத்திட்ட கடிதம். மாதக்கணக்கில் அதிகாலையில் எழுந்து பயிற்சி எடுத்தவருக்கு 1,800 ரூபாயைவிட அது பெரிது.

ஆகவே முழுக் கட்டணம், அந்தக் கடிதம், மருத்துவரிடம் போயிருந்தால் அந்தச் செலவு. மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலுக்கு 15 நாள் கெடு வையுங்கள். கட்டண ரசீது, கைக்கடிகாரத்தில் பதிவான தடம், உடன் ஓடிய இரண்டு பேரின் சாட்சியம் ஆகியவற்றை இணையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போகலாம், வக்கீல் கட்டாயமில்லை, இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். பதிவுப் படிவத்தில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். கால் பிசகுவது நீங்கள் ஏற்ற ஆபத்து, தண்ணீர் வைப்பது அவர்கள் ஏற்ற வேலை.

நண்பர்களிடம் சொல்லுங்கள்: நன்கொடை கொடுக்க நினைத்தால் தனியாகக் கொடுக்கலாம். உங்கள் பணத்தைக் கேட்காமலே நன்கொடையாக்க யாருக்கும் உரிமையில்லை.

மின்னஞ்சலில் அந்தப் பையன் மீதோ, வழி தவறச் சொன்னவர் மீதோ ஒரு சொல்லும் விழ வேண்டாம். வெறும் கேனோடு அவனை வெயிலில் நிறுத்தியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இது முடியும்வரை அந்தக் கூப்பனைத் தொடாதீர்கள். இழப்பீட்டை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அதையே காட்டுவார்கள்.