பதில்: அபிகெயில் ஆடம்ஸ் கடிதங்களில் விலைக் குழப்பம்

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் மாசசூசெட்ஸில் இருந்த அபிகெயில், 1780-ஐ ஒட்டி எழுதிய கடிதங்களில் விலைகள் தாறுமாறாக ஏறுகின்றன, ஐரோப்பாவில் இருந்த கணவர் ஜான் ஆடம்ஸின் (பின்னாளில் அமெரிக்க அதிபர்) பதில்களும் கேள்விகளோடு பொருந்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தொகுத்த விலை அட்டவணையில் தவறில்லை, கலந்துவிட்டது பணம்தான்.

அங்கே மூன்று விதப் பணம் புழங்கியது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் கணக்கில் ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் 4 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது நாலரை ஷில்லிங். மாசசூசெட்ஸ் கணக்கில் அதே டாலர் 6 ஷில்லிங். ஆக, 100 ஸ்டெர்லிங் பவுண்டு அங்கே 133 பவுண்டு சொச்சம். மூன்றாவது, அமெரிக்க மாநிலங்களின் பொது அவையான காங்கிரஸ் அச்சடித்துத் தள்ளிய காகிதப் பணம். 1780 மார்ச்சில் காங்கிரஸே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று ஒப்புக்கொண்டது. அதனால் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் வெள்ளியா காகிதமா என்று குறியுங்கள். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கைக்குட்டை, ஊசி பற்றிய வரிகளை வீட்டுச் செலவு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஜான் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய சரக்கை அபிகெயில் விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டினார். அப்புறம் அரசுக் கடன் பத்திரங்களிலும் பணம் போட்டார். ஜானுக்கோ நிலத்தின் மேல்தான் ஆசை!

பதில்கள் பொருந்தாததற்குக் காரணம் கடல். கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். கப்பல் எதிரிக் கப்பலிடம் சிக்கினால், கடிதங்களைக் கடலில் வீசிவிடுவார்கள். எழுதிய தேதிப்படி அடுக்காமல், 'உன் இன்ன தேதிக் கடிதம் கிடைத்தது' என்ற வரியைப் பிடித்து இணைத்துப் பாருங்கள்.