டன்ஸ் என்று திட்டுகிறார்களே, அந்த டன்ஸ் யார்?

கேள்வி: ஆங்கிலத்தில் ஒருவரை ‘டன்ஸ்’ என்று திட்டினால் என்ன பொருள்? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் எனக்கு வைத்திருந்த பெயரே இதுதான். அதனால் பதில் சொல்லும் தகுதி எனக்கு நிறையவே உண்டு.

பொருள்: மக்கு. முட்டாள் என்பதைவிட மக்கு என்பதுதான் கச்சிதமாகப் பொருந்துகிறது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாதவன்.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். டன்ஸ் என்பது ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தில், இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. 1266 வாக்கில் பிறந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற துறவியின் பெயரில் வரும் டன்ஸ் இந்த ஊர்தான். பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையைச் சேர்ந்தவர். ஆக்ஸ்போர்டிலும் பாரிசிலும் பாடம் நடத்தியவர். அவர் மக்கா என்றால், நேர்மாறு. நுண்மாண் நுழைபுலம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பொருளில் லத்தீனில் அவருக்கு ஒரு பட்டமே கொடுத்திருந்தார்கள். இயேசுவின் தாய் மரியாள் கருவில் உருவானபோதே பாவக் கறை இல்லாதவர் என்ற நம்பிக்கைக்கு அமல உற்பவம் என்று பெயர். அதற்காக அவர் அன்றைக்கே வாதாடினார். திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தது 1854 இல்தான்.

அவர் 1308 இல் இறந்தார். இருநூறு ஆண்டுக்கு மேல் அவருடைய நூல்கள் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தன. அப்புறம் காற்று திசை மாறியது. கிரேக்கமும் நல்ல லத்தீனும் படிக்க வேண்டும் என்று புதிய தலைமுறை கிளம்பியது. கூடவே போப்பின் அதிகாரத்தை எதிர்த்த மதச் சீர்திருத்தமும் வந்தது. டன்ஸின் சீடர்கள் அசையவில்லை. நூலிழையைப் பத்தாகப் பிளக்கும் வாதங்களையே பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிரிகளின் வாயில் ‘டன்ஸ் ஆள்’ என்பது இவர்களுக்கான கேலிப் பெயராயிற்று. முதலில் வறட்டு வாதம் செய்பவன், பிறகு ஏட்டுச் சுரைக்காய், கடைசியில் எதுவும் ஏறாத மக்கு என்று பொருள் படிப்படியாகக் கீழே இறங்கியது. 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இறக்கம் முடிந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1535 இல் நடந்தது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அதிகாரி ரிச்சர்ட் லேட்டன் ஆக்ஸ்போர்டைச் சோதனையிடப் போனார். டன்ஸைச் சிறையில் தள்ளிவிட்டோம் என்று மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினார். ஆள் எப்போதோ இறந்துவிட்டார், விரட்டப்பட்டவை அவருடைய நூல்கள்தான். நியூ காலேஜ் முற்றம் முழுக்க டன்ஸ் நூலின் கிழிந்த தாள்கள் காற்றில் பறந்தனவாம். பக்கத்து மாவட்டத்துக் கனவான் ஒருவர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். படிக்க அல்ல! தன் காட்டிலிருந்து மான்கள் வெளியேறாதபடி மிரட்டக் கட்டித் தொங்கவிடுவதற்கு.

பழைய பள்ளிப் படங்களில் மக்குப் பையன் தலையில் ஒரு கூம்புக் குல்லாய் இருக்குமே, அது இவரோடு நேரடியாகச் சேர்ந்தது அல்ல. கூம்புத் தொப்பி போட்டால் அறிவு மூளைக்குள் வடியும் என்று டன்ஸ் ஸ்கோட்டஸ் நம்பினார் என இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். ‘டன்ஸ் தொப்பி’ என்ற பெயர் சார்லஸ் டிக்கன்ஸ் 1840 இல் எழுதத் தொடங்கிய தொடர்கதை ஒன்றில் வருகிறது. அதற்குள் மனிதர் இறந்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் கல்லறை ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருக்கிறது. 1993 இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியில், ஏற்றார். எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் பெஞ்சு மேல் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றிருப்பேன்.