வாசலுக்கு முன்னால் பூசிய சிவப்பு

கேள்வி: மலேசியாவில், பினாங்கு தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கோயிலுக்கு வருகிறவர்கள் என் கேட்டை மறித்துக் காடியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கலிபோர்னியாவில் சாலையோரக் கல்லில் சிவப்பு அடித்திருந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று அங்கிருக்கும் என் மகன் சொன்னான். நானும் சிவப்பு பூசி, இரண்டு பூச்சட்டியும் வைத்தேன். அமலாக்க அதிகாரி வந்து எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார். என் வாசல்தானே ஐயா?

பதில்: வாசல் உங்களுடையதுதான், கல் உங்களுடையது அல்ல. கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, எடுத்து எல்லைக்கல் எங்கே என்று பாருங்கள். நம் நாட்டின் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 'சாலை' என்பது தார் மட்டுமல்ல. நடைபாதையும் ஓரக் கால்வாயும் அதில் சேர்த்திதான்.

உங்கள் மகன் சொன்னது பாதிதான். கலிபோர்னியா வாகனச் சட்டம் 21458ஆம் பிரிவில் சிவப்புக்கு நிற்கவே தடை, மஞ்சளுக்குச் சரக்கு, வெள்ளைக்கு ஆள் ஏற்றி இறக்க, பச்சைக்குக் கொஞ்ச நேரம், நீலத்துக்கு மாற்றுத்திறனாளிகள் என்று இருக்கிறது. ஆனால் அங்கேயும் உள்ளூர் நிர்வாகம் விதி போட்டு அடித்த நிறத்துக்குத்தான் மதிப்பு. இங்கே கல்லில் காணும் கறுப்பு வெள்ளை, இரவில் ஓரம் கண்ணில் படுவதற்காக. நிறுத்தத் தடை தரையில் போடும் மஞ்சள் கோட்டில்தான். உங்கள் சிவப்பை மதிக்காதவருக்கு யாரும் சம்மன் எழுத முடியாது.

பெயின்டைவிட பூச்சட்டிதான் எனக்குக் கவலை. பொது இடத்தில் தடை வைப்பது நம் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவில் குற்றம்: முதல் முறை 500 வெள்ளி (ரிங்கிட்) வரை, மறுபடி என்றால் 1,000 வெள்ளி வரை அபராதம். மழையிருட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் அதில் மோதினால் நஷ்டஈட்டு வழக்கும் உங்கள் தலையில்தான். வாய்மொழியாகச் சொன்னதோடு அதிகாரி விட்டது உங்கள் நல்ல நேரம். இந்த வாரமே சட்டியை உள்ளே எடுத்து, சிவப்பைச் சுரண்டிவிட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

கேட்டை மறிக்கும் காடிக்கு 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 48ஆம் பிரிவு இருக்கிறது, போலீசைக் கூப்பிடலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், தேதி போட்ட படங்களோடு மாநகர் கழகத்துக்கு மலாய் மொழியில் மனு எழுதி இரட்டை மஞ்சள் கோடு கேளுங்கள். பக்கத்து வீட்டாரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

ஒன்று மட்டும்: கோடு வந்துவிட்டால் தீபாவளிக்கு வரும் உங்கள் மைத்துனரும் அங்கே நிறுத்த முடியாது. மனு போடும் முன் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.