மவுஸுக்காக மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், கணினியில் விளையாட 8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட் உள்ள மவுஸ் வேண்டும் என்கிறான். வீட்டில் இருப்பது 2018 கடைசியில் அசெம்பிள் செய்த கணினி. எச்310 போர்டு, ஐ5 8400 பிராசசர், 8 ஜிபி ராம், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். தஞ்சாவூரில் ஒரு கடையில் மவுஸைச் சொருகிப் பார்த்துவிட்டு, "1000-க்கு மேல் காட்டவில்லை, இந்த போர்டு தாங்காது" என்றார்கள். போர்டு, பிராசசர், ராம் சேர்த்து 34,000 ரூபாய் எஸ்டிமேட். பழைய போர்டையும் பிராசசரையும் எடுத்துக்கொண்டு 2,500 கழிப்பார்களாம். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மவுஸ் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அதற்காக போர்டை மாற்றத் தேவையே இல்லை.

மவுஸ் நகர்ந்த கணமே அது கணினிக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கணினிதான் குறிப்பிட்ட இடைவெளியில் மவுஸிடம் "ஏதாவது நகர்ந்ததா?" என்று கேட்கும். நொடிக்கு எத்தனை தடவை கேட்கிறது என்பதுதான் போலிங் ரேட். மவுஸ் அதுவரை காத்திருந்து பதில் சொல்லும். டவுன் பஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பயணி எப்போது ஸ்டாப்புக்கு வந்தாலும் அடுத்த பஸ் வரும்வரை நிற்க வேண்டும். உங்கள் கடையில் இருக்கும் சாதாரண மவுஸுக்கு நொடிக்கு 125 பஸ். அதாவது 8 மில்லி நொடிக்கு ஒன்று. விளையாட்டு மவுஸுக்கு 1000 பஸ், 1 மில்லி நொடிக்கு ஒன்று. உங்கள் மகன் கேட்பதில் 8000. காத்திருக்கும் நேரம் அதிகபட்சம் 0.125 மில்லி நொடிதான்.

இப்போது போர்டு விஷயம். ஆரம்ப கால யூஎஸ்பியில் 1 மில்லி நொடிக்கு ஒரு சுற்று. அதனால் 1000 தான் உச்சம். 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 அந்த ஒரு மில்லி நொடியையே எட்டாகப் பிரித்தது. 8000 என்ற எண் பிறந்ததே அங்கிருந்துதான். எச்310 சந்தைக்கு வந்தது 2018-இல். அதில் இருக்கும் எந்த யூஎஸ்பி துளையை எடுத்தாலும், கறுப்போ நீலமோ, யூஎஸ்பி 2.0 வேலை செய்யும். போர்டு வருவதற்குப் பதினெட்டு வருடம் முன்பே வந்துவிட்ட வசதி அது. "தாங்காது" என்று சொன்னவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரியும்.

அப்படியானால் கடையில் ஏன் 1000 காட்டியது? பெரும்பாலும் காரணம் சப்பென்று இருக்கும். இந்த வகை மவுஸ்களில் பல, பெட்டியிலிருந்து எடுக்கும்போது 1000-இல்தான் வைக்கப்பட்டிருக்கும். தயாரித்த கம்பெனியின் மென்பொருளைப் போட்டு, அதற்குள் போய் 8000 என்று மாற்ற வேண்டும். வயர்லெஸ் மவுஸ் என்றால் இன்னொரு கூத்து. பெட்டியின் மேல் பெரிய எண். உள்ளே வருவது 1000-க்கான டாங்கிள், அதாவது கணினியில் சொருகும் சின்ன ரிசீவர். வேகமான டாங்கிளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் மாடல்கள் உண்டு. இதைப் பெட்டியின் முகப்பில் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? போட மாட்டார்கள். எறும்பு எழுத்தில் கீழே இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். அடுத்தது, சோதனையே தவறாக இருந்திருக்கலாம். பிரவுசரில் ஓடும் இணையதளச் சோதனைகளில் பலவும் பிரவுசர் தன் வசதிக்குச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் எண்ணைத்தான் காட்டும். போதாததற்கு மவுஸை மெதுவாக நகர்த்தினால் எண் தானாகவே குறையும். 800 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 800 அசைவு என்று வைத்த மவுஸை நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தினால் மொத்தமே 800 அசைவுகள்தான் பதிவாகும். 8000 பஸ் விட்டாலும் பத்தில் ஒன்பது காலியாகத்தான் போகும். நொடிக்குப் பத்து அங்குலம் வீசி இழுத்தால்தான் அத்தனையும் நிரம்பும். கடைக்காரர் மேசையில் இருக்கும் இடத்தில் அப்படி இழுத்துப் பார்த்திருப்பாரா?

சரி, 8000 வைத்தால் உங்கள் மகனுக்கு என்ன கிடைக்கும்? நேர்மையாகச் சொன்னால், இந்தக் கணினியில் ஒன்றும் கிடைக்காது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.67 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றுகிறது. 1000-இலிருந்து 8000-க்குப் போனால் மிச்சமாவது ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. அதைத் திரை காட்டவே போவதில்லை. மாறாக, ஒவ்வொரு பதிலுக்கும் பிராசசர் செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு கணம் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நொடிக்கு 8000 தடவை. ஐ5 8400 நல்ல பிராசசர்தான், ஆறு கோர். ஆனாலும் கனமான விளையாட்டு ஓடும்போது இந்தத் தொந்தரவில் படம் திக்கித் திக்கி ஓட வாய்ப்பிருக்கிறது. 8000 ஹெர்ட்ஸ் மவுஸை வாங்கிவிட்டு 1000 ஹெர்ட்ஸில் வைத்து விளையாடுபவர்கள் நிறையப் பேர். ஆகவே ஒரு நல்ல 1000 ஹெர்ட்ஸ் வயர் மவுஸ் போதும். மிச்சக் காசு இருந்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் பக்கம் பாருங்கள், 16.67 என்பது ஏறக்குறைய 7 மில்லி நொடியாகும், இது கண்ணுக்கே தெரியும். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மானிட்டருக்கும் முன்னால் அதுதான். 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருந்தால், அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் போடுவதற்கு ஆகும் செலவில் மவுஸைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

இப்போது அந்த 34,000-க்கு வருகிறேன். டெல்டா ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது. மவுஸோ கீபோர்டோ வாங்கப் போனவர் போர்டு செட்டோடு திரும்புவார். மவுஸ் ஒன்று விற்றால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? செட்டாக மாற்றினால் கூலி உண்டு, விண்டோஸ் போட்டதற்கு ஒரு தொகை உண்டு, அதற்கு மேல் உங்கள் பழைய போர்டும் பிராசசரும் உண்டு. அங்கேதான் சூது. இன்னும் பல வருடம் ஓடக்கூடிய ஆறு கோர் பிராசசரை, போர்டோடு சேர்த்து 2,500-க்கு எடுத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் அது கண்ணாடிக் கேபினெட்டில், கலர் கலராக விளக்குப் போட்டு, "கேமிங் பிசி" என்ற பெயரில் வேறொரு ஊர்ப் பையனுக்குப் போகும். அந்தப் பையனின் தகப்பனார் பாவம், அதற்கும் எஸ்டிமேட் வாங்கியிருப்பார்.

எஸ்டிமேட்டிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: ராம் ஏன் மாற்ற வேண்டும்? இன்டெலின் பி760 போர்டுகள் டிடிஆர்4 ராமுக்கும் வருகின்றன, டிடிஆர்5 ராமுக்கும் வருகின்றன. உங்களிடம் இருப்பது டிடிஆர்4. முதல் வகையை எடுத்தால் பழைய ராமே போதும். பிராசசர் மட்டும் பழையது உட்காராது, சாக்கெட் வேறு. இன்னொன்றையும் யாரும் சொல்ல மாட்டார்கள். அசெம்பிள் செய்தபோது புதுக் கணினியோடு சேர்த்து விற்கும் ஓஇஎம் வகை விண்டோஸ் உரிமம் வாங்கியிருந்தால் அது அந்தப் போர்டோடு கட்டுண்டது. போர்டு போனால் உரிமமும் போகும். உடனே "நான் போட்டுத் தருகிறேன் அண்ணே" என்று ஒரு பென் டிரைவை எடுப்பார்கள். அதில் உரிமம் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் இருக்கும். அதோடு கணினிக்குள் வேறு என்னென்ன நுழைகிறது என்று சொருகுபவருக்கே தெரியாது. ஜெராக்ஸ் கடைக்காரர் நீங்கள். வாடிக்கையாளரின் ஆதார், பான் நகலெல்லாம் அந்த வீட்டுக் கணினிக்கும் போய்வரும் அல்லவா?

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. "ஐ7 கேமிங் பிசி" என்று மலிவாக விற்கும் பெட்டிகளைத் திறந்தால், பலவற்றில் எச்61 போர்டு இருக்கும். 2011-இல் வந்த வகை அது. ஐ7 என்பது பொய்யல்ல, இரண்டாம் தலைமுறையோ மூன்றாம் தலைமுறையோ ஐ7. உங்கள் எட்டாம் தலைமுறை ஐ5 அதைவிட நன்றாக ஓடும். யாராவது "ஐ5-ஐக் கொடுத்துவிட்டு ஐ7 எடுத்துக்கோங்க" என்றால் வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

மவுஸ் வாங்கும்போது பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வாரன்ட்டி கேட்டு யாரிடம் போவீர்கள்? இருந்தாலுமே இங்கிருந்து சென்னைக்குக் கூரியர் அனுப்பி, அவர்கள் பார்த்து, திரும்பி வருவதற்குள் பையன் செமஸ்டரே முடித்துவிடுவான். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் பொருளுக்குக் கூரியர் காசும் நம் தலையில் கட்டும் கம்பெனிகள் இருக்கின்றன, அதைக் கேட்பார் இல்லை. ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள். "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்பதற்கு மயங்க வேண்டாம். பில் இருந்தால்தான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வாயைத் திறக்க முடியும்.

போர்டும் மவுஸும் உண்மையிலேயே ஒத்துப்போகாத இடமும் ஒன்று உண்டு. அது உங்கள் வீட்டில் இல்லை, உங்கள் ஜெராக்ஸ் கடையில் இருக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "புது போர்டு போட்டால் எச்310-ஐக் கடைக்கு எடுத்துப்போய்விடலாமே" என்ற எண்ணம் என்றைக்காவது வரும். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. பழைய தமிழ் எழுத்துருக்கள், பேஜ்மேக்கர், பழைய பிரிண்டர் எல்லாம் அதில்தான் பழகிக் கிடக்கின்றன. 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டும் நம்மவர்கள் விடவில்லை. விண்டோஸ் 7 வந்தது 2009-இல். யூஎஸ்பி 3.0 வகைக் கட்டுப்பாட்டுப் பகுதியோடு பேச அதற்குத் தெரியாது. 2015 வரை வந்த இன்டெல் போர்டுகளில் பழைய யூஎஸ்பி 2.0 கட்டுப்பாட்டுப் பகுதியும் தனியாக இருந்தது, பிரச்சினை இல்லை. ஆறாம் தலைமுறை பிராசசரோடு வந்த போர்டுகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அவற்றில் விண்டோஸ் 7 போடத் தொடங்கினால் மொழி கேட்கும் முதல் திரையிலேயே மவுஸும் கீபோர்டும் செத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன், கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் இரண்டும் நன்றாக வேலை செய்திருக்கும். ஆகவே மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் ஓடாது, இன்னொன்று. மவுஸில் ஒரு குறையும் இல்லை.

போர்டின் பின்புறம் ஊதாவும் பச்சையும் கலந்த வட்டத் துளை இருந்தால் அதில் பழைய வட்டப் பின் கீபோர்டைச் சொருகி வேலையை நகர்த்தலாம். அந்தத் துளையில் மவுஸும் ஓடும், ஆனால் நொடிக்கு 200-தான் அதன் உச்சம்; பத்திரிகை வடிவமைக்க அது ஏராளம். யூஎஸ்பியை வட்டமாக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அது வெறும் கம்பி இணைப்பு. யூஎஸ்பி, வட்டப் பின் என்று இரண்டு வகையிலும் பேசத் தெரிந்த பழைய மவுஸில் மட்டும்தான் வேலை செய்யும், விளையாட்டு மவுஸில் செய்யாது. வேறொரு கணினியில் வைத்து விண்டோஸ் 7 டிஸ்க்கிலேயே யூஎஸ்பி 3.0 டிரைவரைச் சேர்த்து எழுதிக்கொள்ளும் வழியும் உண்டு. செய்து முடித்தாலும் எட்டாம் தலைமுறை பிராசசரின் படக்காட்சிக்கு விண்டோஸ் 7 டிரைவர் இல்லாமல் திரை கோணலாக நிற்கும். ஆகவே கடைக் கணினி ஓடும்வரை அதைத் தொடாதீர்கள். எச்310 மகனிடமே இருக்கட்டும்.

இணையத்தில் "எந்த மவுஸையும் ஓவர்கிளாக் செய்யலாம்", அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம் என்று ஒரு டிரைவரைப் பையன் கண்டுபிடித்துக்கொண்டு வருவான். அதைப் போடுவதற்கு விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடுகளை அணைக்கச் சொல்வார்கள். வேலரன்ட் மாதிரி விளையாட்டு விண்டோஸ் 11-இல் அந்த ஏற்பாடுகளில் ஒன்றான செக்யூர் பூட் இல்லாமல் திறக்கவே திறக்காது. மவுஸ் வேகமாகி விளையாட்டு ஓடாமல் போவதில் யாருக்கு லாபம்?

வாங்கிய மவுஸைக் கேபினெட்டின் பின்புறம் நேராக போர்டிலேயே சொருகுங்கள். முன்பக்கத் துளையும் நான்கு வாய் ஹப்பும் பென் டிரைவுக்குப் போதும். வயர்லெஸ் எடுத்தால் டாங்கிளை நீலத் துளைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் போடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் எழுதி வெளியிட்டது. பக்கத்துத் துளையில் ஹார்டு டிஸ்க்கில் படம் ஏறும்போது மவுஸ் தடுமாறினால் போர்டைக் குறை சொல்லாமல் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வாசகர்கள் அதற்கு முன் துளையின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்த பின்னில் எந்த மவுஸும் சரியாக ஓடாது.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இழுத்தால் எர்த் சரியில்லை. நம் பக்கத்து வீடுகளில் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளையில் சொருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது உயிருக்கும் ஆபத்து, சொருகும் பொருளுக்கும் ஆபத்து. புது மவுஸ் வீட்டுக்கு வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்துவிடுங்கள்.