கன்வர்ட்டரைக் கழற்றும் முன்: லாக்கப் கேள்வி-பதில்

டார்க் கன்வர்ட்டர் என்பது ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம். அது வழுக்காமல் இருக்க, உள்ளே இருக்கும் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டுவதுதான் லாக்கப்.

கே: என் கார் ஹைவேயில் லாக்கப் ஆவதில்லை. கன்வர்ட்டரை மாற்றிவிடலாமா? அவசரம். (ஊர் எழுதவில்லை)

ப: ஊர் மட்டுமா? காரும் எழுதவில்லை, வருடமும் எழுதவில்லை. எந்த கியர்பாக்ஸ், எவ்வளவு ஸ்டால் (வண்டி நிற்கும்போது கன்வர்ட்டர் எஞ்சினை எந்த ஆர்பிஎம் வரை ஏற விடும் என்ற அளவு), டயர் சைஸோ ஃபைனல் டிரைவோ மாறியிருக்கிறதா, ட்யூன் யார் போட்டது? இதெல்லாம் இல்லாமல் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். ஸ்கேனரை மாட்டி இரண்டே விஷயம் பாருங்கள். கம்ப்யூட்டர் லாக்கப்புக்கு உத்தரவு கொடுக்கிறதா? கொடுத்த பிறகு ஸ்லிப், அதாவது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள ஆர்பிஎம் வித்தியாசம், எவ்வளவு நிற்கிறது? உத்தரவே வரவில்லை என்றால் கன்வர்ட்டரை மாற்றிப் பயனில்லை.

கே: 2000 கமாரோ, எல்எஸ்1 எஞ்சின், 4எல்60இ கியர்பாக்ஸ். 3200 ஸ்டால் கன்வர்ட்டர் புதிதாகப் போட்டேன். மணிக்கு 110 கி.மீ. தாண்டினால் ஆர்பிஎம் 300-400 ஏறி இறங்குகிறது. கியர்பாக்ஸ் வழுக்குகிறது என்று சொல்லும் பி1870 கோடு வருகிறது. கடைக்காரர் கன்வர்ட்டர் டூப்ளிகேட் என்கிறார். (ஹூஸ்டன்)

ப: கன்வர்ட்டரைத் திட்டுவதற்கு முன் கியர்பாக்ஸ் ஆயிலை வழிநடத்தும் வால்வு பாடியைப் பாருங்கள். 1995-க்குப் பிறகு வந்த 4எல்60இ-யில் லாக்கப் அழுத்தத்தைத் துடிப்பு துடிப்பாகக் கட்டுப்படுத்தும் சாலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) இருக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வால்வு ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் துளை அலுமினியம். நாளாக நாளாகத் துளை தேய்ந்து ஆயில் கசியும், கிளட்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் குறையும். பி1870-க்கு இதுதான் முதல் சந்தேக நபர். துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி ஸ்லீவ் பொருத்தும் ரிப்பேர் கிட் கிடைக்கிறது. அதைச் செய்யாமல் எத்தனை கன்வர்ட்டர் மாற்றினாலும் ஒவ்வொன்றாகத் தீயும். சம்பை (கியர்பாக்ஸின் அடித்தட்டை) இறக்கும்போது ஆயிலை முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாசனையும் கறுப்புத் தூளும் இருந்தால் புதுக் கன்வர்ட்டரின் கிளட்சும் ஏற்கெனவே போயிருக்கும். அப்போது இரண்டு செலவு.

சாலினாய்டையும் ஓம் மீட்டரில் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த நிலையில் துடிப்பு சாலினாய்டு 10-11 ஓம், ஆன்-ஆஃப் சாலினாய்டு 20-க்குச் சற்று மேல்.

கே: ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் 1.5, டிஎஸ்ஜி. ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் ட்யூன்) செய்தேன். முதல் கியரில் நடுங்குகிறது. லாக்கப் சாலினாய்டு என்ன விலை? (கோவை)

ப: உங்கள் காரில் டார்க் கன்வர்ட்டரே இல்லை. அது இரட்டை டிரை கிளட்ச். கன்வர்ட்டர் உள்ள கியர்பெட்டி 1.0 டிஎஸ்ஐ எஞ்சின் வண்டியில்தான் வருகிறது. கிளட்சைப் பாருங்கள்.

கே: 2016 கமாரோ எஸ்எஸ், எட்டு ஸ்பீட் ஆட்டோ. கேம், ஹெடர் மாற்றி ட்யூன் போட்டிருக்கிறேன். 60-லிருந்து 90 கி.மீ. வேகத்தில் லேசாக மிதித்துப் போனால் ரோட்டில் வரிவரியாக மேடு இருப்பதுபோல் அதிர்கிறது. ட்யூன் தப்பா? (டொராண்டோ)

ப: ட்யூனர் மேல் பழி போடும் முன் ஆயிலை மாற்றுங்கள். கமாரோவைத் தயாரித்த ஜிஎம்மின் எட்டு ஸ்பீட் பெட்டிகளில், 2019 வரை வந்த வண்டிகளில், இது பழைய கதை. தொடக்கத்தில் ஊற்றிய ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, லாக்கப் கிளட்ச் வழுக்கும்போது ஒரே சீராக வழுக்காமல் ஒட்டி ஒட்டி விடுகிறது. மொபில் 1 சிந்தெடிக் எல்வி ஏடிஎஃப் ஹெச்பி ஊற்றச் சொல்லி ஜிஎம்மே அறிவித்தது. மெஷின் வைத்து முழு ஃப்ளஷ் செய்யுங்கள். சம்பை மட்டும் வடித்தால் கன்வர்ட்டருக்குள் பழைய ஆயில் நின்றுவிடும்.

கேம் மாற்றியிருப்பதால் இன்னொன்று. அதிரும்போது இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், லாக்கப் விடுபடும். அதிர்வு உடனே நின்றால் கிளட்ச் மேல் சந்தேகம். ஆனால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருந்தாலும் லாக்கப் விட்டதும் குறைந்த மாதிரி தெரியும், நடுவில் ஆயில் வந்து அமுக்கிவிடுகிறது. எனவே மிஸ்ஃபயர் கவுண்டரையும் பாருங்கள்.

கே: டொயோட்டா சேஸர் ஜேஇசட்எக்ஸ்100, 1ஜேஇசட் டர்போ, ஆட்டோ. பூஸ்ட் ஏற்றியிருக்கிறேன். குளிர்காலம் வந்ததிலிருந்து லாக்கப் விழுவதே இல்லை, கியர்பாக்ஸ் ஆயில் சூடேறுகிறது. எஞ்சின் மட்டும் ஜில்லென்று இருக்கிறது. திருச்சியில் மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பா சொல்லி, போன வருடம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (மெல்போர்ன்)

ப: உண்டு. சம்பந்தமே அதுதான்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. இந்தத் தெர்மோஸ்டாட் விவகாரத்தை எத்தனை தடவை எழுதினாலும் தீர மாட்டேன் என்கிறது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று கழற்றித் தூக்கி எறிவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் பரம்பரைப் பழக்கம். கார்புரேட்டர் காலத்து வண்டியில் பெட்ரோல் கூடக் குடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். கம்ப்யூட்டர் வைத்த ஆட்டோவில் அது நேராக கியர்பாக்ஸில் போய் முடிகிறது.

டொயோட்டா கம்ப்யூட்டர் சில நேரங்களில் லாக்கப்பைக் கட்டாயமாக விட்டுவிடும். பிரேக் லைட் எரிந்தால் விடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால் விடும். குரூஸ் போட்டு, வேகம் அதிலிருந்து 10 கி.மீ. அளவுக்கு இறங்கினால் விடும். கூலன்ட் குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே இருந்தாலும் விடும், அது 50-60 டிகிரி செல்சியஸ் பக்கம். தெர்மோஸ்டாட் இல்லாமல் மெல்போர்ன் ஜூலையில் ஹைவேயில் போனால் எஞ்சின் அந்த எல்லையிலேயே முக்கி முனகும். லாக்கப் விழாது. கன்வர்ட்டர் நாள் முழுக்க வழுக்கும், அந்த வழுக்கல் எல்லாம் ஆயிலில் சூடாக இறங்கும். பூஸ்ட் வேறு ஏற்றியிருக்கிறீர்கள். எஞ்சினைக் குளிர வைக்கப் போய் கியர்பாக்ஸை வேக வைக்கிறீர்கள்.

வெயிலிலாவது லாபமா என்றால் அதுவும் இல்லை. இந்த வகை எஞ்சினில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம், சூடேறியதும் பைபாஸ் வழியை அடைக்கிறது. அது இல்லையென்றால் பைபாஸ் திறந்தே கிடக்கும், கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்துவிடும். எஞ்சின் சூடானாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள், குளிர்விக்கும் திறன் குறையும் என்று டொயோட்டா சர்வீஸ் மேனுவலே சொல்கிறது. சித்தப்பாவிடம் மரியாதையாக இதைப் படித்துக் காட்டுங்கள்.

அசல் அளவு தெர்மோஸ்டாட் வாங்கிப் போடுங்கள். குறைந்த டிகிரி "ரேசிங்" சாமான் வேண்டாம். போட்ட பிறகும் லாக்கப் விழவில்லை என்றால் பிரேக் லைட் எப்போதும் எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். அப்புறம்தான் சாலினாய்டு. ஏற்கெனவே சூடான ஆயிலை மாற்றிவிட்டு, தனி ஆயில் கூலர் ஒன்றும் வையுங்கள்.

கே: பழைய செவெல் காரில் 700ஆர்4 ஆட்டோ கியர்பாக்ஸ் போட்டேன். லாக்கப் வயரை நேராக இக்னிஷனில் கொடுத்துவிட்டேன். சிக்னலில் பிரேக் பிடித்தால் குலுங்கி எஞ்சின் அணைகிறது. (டெட்ராய்ட்)

ப: நேராகக் கொடுத்தால் அப்படித்தான் செய்யும். பிரேக் மிதித்ததும் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் நடுவில் வேண்டும். பிரேக் லைட் சுவிட்ச் அதற்கு உதவாது, அது மிதித்தால் சேர்ப்பது. கூடவே நாலாம் கியர் பிரஷர் சுவிட்சும் வாக்கும் சுவிட்சும் போடுங்கள். பெட்டி பக்கத்துக் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் பம்பில் இருக்கும் லாக்கப் வால்வு சிக்கியிருக்கிறது.

டிவி கேபிளை (ஆக்சிலரேட்டர் மிதிப்புக்கு ஏற்ப கியர்பாக்ஸ் அழுத்தத்தை மாற்றும் த்ராட்டில் வால்வு கேபிள்) யார் செட் செய்தது? எழுதவில்லை. அது தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்சுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கே: டிராக்கில் ஃபுல் த்ராட்டில் போகும்போது சுவிட்ச் வைத்து லாக்கப் போட்டால் வேகம் கூடுமா? (டல்லாஸ்)

ப: கூடும். ஆனால் கம்பெனி கன்வர்ட்டரில் இருப்பது ஒற்றை கிளட்ச் தட்டு, ஹைவேயில் நிதானமாகப் போவதற்கானது, ஃபுல் த்ராட்டிலுக்கு அல்ல. மூன்று தட்டும் பில்லட் (ஒரே உலோகக் கட்டியில் கடைந்த) முன்மூடியும் உள்ள கன்வர்ட்டர் வாங்கிவிட்டு சுவிட்ச் வையுங்கள்.