கணினி கேள்வி-பதில்: விளம்பரத் தடுப்பான் வழிமறிக்கும்போது

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை நிறுவிய பிறகு, மின்கட்டணம் செலுத்தும்போது பணம் கட்டும் பக்கம் வெறுமையாக நின்றுவிடுகிறது. தடுப்பானை நீக்கிவிடலாமா?
– கோவில்பட்டி வாசகர்

பதில்: நீக்க வேண்டாம். விளம்பரங்களோடு, நம்மைப் பின்தொடரும் நிரல்களையும், தீங்கானவை என்று அறியப்பட்ட பல முகவரிகளையும் அது தடுக்கிறது. ஒரு தளத்துக்காக அந்தப் பாதுகாப்பு முழுவதையும் இழப்பது சரியல்ல. மீண்டும் பணம் கட்ட முயலும் முன், முந்தைய முயற்சியில் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே தளத்தைப் பிரைவேட் சாளரத்தில் திறந்து பாருங்கள். நாம் தனியே அனுமதித்தாலன்றி எக்ஸ்டென்ஷன்கள் (உலாவியில் நாம் சேர்க்கும் யூபிளாக் போன்ற துணை நிரல்கள்) அங்கே இயங்குவதில்லை என்பதால், பக்கம் அங்கே சரியாகத் திறந்தால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனோ தளம் நம் உலாவியில் சேமித்து வைத்த பழைய குக்கீ தகவல்களோதான் காரணம் என்று கொள்ளலாம். அங்கேயும் திறக்காவிட்டால், முகவரிப் பட்டையின் இடப்பக்கமுள்ள கேடயச் சின்னத்தைச் சொடுக்கி, உலாவியின் சொந்தத் தடுப்பை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு எக்ஸ்டென்ஷனையே குறை சொல்கிறார்கள்.

யூபிளாக்தான் காரணம் என்று தெரிந்தால், அதன் சின்னத்தைச் சொடுக்கி, பெரிய பவர் பொத்தானை அணைத்துப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். அது அந்தத் தளத்துக்கு மட்டுமே பொருந்தும். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்: மின்வாரியத் தளத்தில் தொடங்கும் பரிவர்த்தனை, பணம் பெறும் இடைநிலை நிறுவனத்தின் முகவரிக்கும் அங்கிருந்து வங்கியின் முகவரிக்கும் தாவுகிறது, முதல் தளத்தில் கொடுத்த விலக்கு அடுத்த முகவரிக்குச் செல்லாது என்பதால், பக்கம் எந்த முகவரியில் நிற்கிறதோ அங்கும் பொத்தானை அணைக்க வேண்டும்.

பக்கம் திறந்து, ஒரு பொத்தான் மட்டும் காணாமல் போயிருந்தால் அது வேறு வகைச் சிக்கல். தடுப்பான் வேண்டாத கோப்புகளை வரவிடாமல் நிறுத்துவதோடு, வந்துவிட்ட பக்கத்தின் சில பகுதிகளை மறைக்கவும் செய்கிறது. அந்த மறைப்பை மட்டும் நிறுத்த, யூபிளாக் சின்னத்தைச் சொடுக்கினால் வரும் பலகையில் கண் வடிவச் சின்னம் இருக்கிறது.

பல தளங்களில் இதே தொல்லை என்றால், யூபிளாக்கின் அமைப்புகளில், எவற்றைத் தடுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களைப் பாருங்கள். கிடைத்த பட்டியல் அனைத்தையும் தேர்ந்தெடுத்து வைப்பதே பல கோளாறுகளுக்குக் காரணம். 2005 முதல் பராமரிக்கப்படும் ஈஸிலிஸ்ட் உட்பட, தொடக்கத்திலேயே தேர்வாகி வரும் பட்டியல்கள் நம் தேவைக்குப் போதும். கூடுதலானவற்றை நீக்கி, மீதமுள்ளவற்றைப் புதுப்பியுங்கள். இரண்டு தடுப்பான்களை ஒரே நேரத்தில் வைத்திருக்காதீர்கள். ஒன்று அனுமதிப்பதை மற்றொன்று தடுக்கும்.

கேள்வி: க்ரோமில் என் யூபிளாக் ஆரிஜின் தானாகவே முடங்கிவிட்டது. என்ன செய்வது?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: உங்கள் கணினியில் பழுதில்லை. கூகுள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மேனிஃபெஸ்ட் 3 என்ற புதிய முறைக்கு மாற்றி, பழைய முறையில் எழுதப்பட்டவற்றை 2024 முதல் படிப்படியாக முடக்கியது. முன்பு பக்கத்துக்காக உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் தடுப்பானே நேரடியாகப் பார்த்து முடிவெடுத்தது. இப்போது விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும், முடிவை உலாவி எடுக்கும். இதற்கேற்ப எழுதப்பட்ட யூபிளாக் ஆரிஜின் லைட் க்ரோமில் இயங்கும். ஆனால் பழையதன் திறன் முழுவதும் அதில் இல்லை. முழுத் திறன் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறுவதே என் பரிந்துரை. எதை நிறுவினாலும், உருவாக்கியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள்; ஏறக்குறைய இதே பெயரில் வேறு எக்ஸ்டென்ஷன்களும் உலவுகின்றன.

கேள்வி: ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிரைவேட் டிஎன்எஸ் மூலம் விளம்பரங்களைத் தடுத்திருக்கிறேன். யூடியூப் செயலியில் மட்டும் ஏன் வருகின்றன?
– மதுரை வாசகர்

பதில்: டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் கணினியைக் கண்டறியும் சேவை. அதனால் அந்த முறை முகவரியின் பெயரைப் பார்த்து மட்டுமே தடுக்கும். யூடியூப் விளம்பரக் காணொளியும் நீங்கள் பார்க்க விரும்பும் காணொளியும் ஒரே வகை முகவரிகளிலிருந்து வருவதால், ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுவிடும். கைப்பேசி ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினை நிறுவி, யூடியூபை அந்த உலாவியிலேயே பாருங்கள்.