ஏலத்தில் 9 லட்சம், கையில் எவ்வளவு?

கேள்வி: புரோ கபடி லீக் ஏலத்தில் என் தம்பியை டி பிரிவில் 9 லட்சத்துக்கு எடுத்திருக்கிறார்கள். அவனுக்கு வேறு வருமானம் இல்லை. கையில் எவ்வளவு வரும்? ஒரு புரோட்டீன் பவுடர் கம்பெனி இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டால் பணம் தருவதாகச் சொல்கிறது. எல்லா வரவிலும் 20 சதவீதம் கேட்டு ஒரு மேனேஜரும் வந்திருக்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: மேனேஜர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஏலத் தொகையை அவர் வாங்கித் தரவில்லை, அதில் அவருக்குப் பங்கு கிடையாது. அவர் கொண்டுவரும் விளம்பரத்துக்கு மட்டும், பணம் தம்பியின் கணக்கில் ஏறிய பிறகு கமிஷன், ஒப்பந்தம் ஓராண்டுக்கு என்று எழுதித் தந்தால் பேசுங்கள். தம்பி சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அணி நிர்வாகம் 10 சதவீதம் டிடிஎஸ் (வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்துக்கொண்டு 8,10,000 ரூபாய் தரும். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். பிடித்த 90,000 போனது போனதுதான் என்று பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்த 90,000 முழுவதும் திரும்ப வரும். தவறு நடப்பது படிவத்தில்தான். இது சம்பளம் அல்ல, தொழில் வருமானம். சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 படிவத்தைப் போட்டால் குறைபாடு நோட்டீஸ் வரும். ஐடிஆர்-3 போட வேண்டும். அதற்கு முன், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 90,000 பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பிசியோ, ஷூ, ஜிம் பில்களை எடுத்து வையுங்கள், செலவாகக் காட்டலாம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் 5 லட்சம் சம்பளத்தில் வேலையும் கிடைத்தால் கணக்கு மாறும். மொத்தம் 14 லட்சம்; சம்பளத்துக்கான நிலையான கழிவு 75,000 போக 13.25 லட்சம். செஸ் சேர்த்து வரி 81,900. அப்போது திரும்ப வருவது வெறும் 8,100.

ஏல ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பணம் எத்தனை தவணையில், எந்தத் தேதிகளில் வரும்? பெஞ்சில் உட்கார்ந்தாலும் முழுத் தொகை உண்டா? பயிற்சியில் அடிபட்டால் சிகிச்சை யார் செலவு, சீசன் முடிந்தபின் செய்யும் ஆபரேஷனும் அதில் வருமா? பாடிப் போகும் ரைடர் ஊன்றிய காலில் திரும்பும் நேரம் தொடைப்பிடி விழுந்தால் முட்டிக்குள் ஜவ்வு கிழியலாம். ஆபரேஷனுக்குப் பின் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும், அதாவது அடுத்த சீசனும் கேள்விக்குறி.

விளம்பரத்துக்கு வருவோம். 2014-ல் நடந்த முதல் ஏலத்தில் உச்ச விலை ராகேஷ் குமாருக்குப் போன 12.80 லட்சம். 2018-ல் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார், 2023-ல் பவன் செராவத் 2.605 கோடிக்கு. டிவி வந்தபின் கபடிக்காரரின் முகத்துக்கும் விலை வந்துவிட்டது, அதிலும் ரைடருக்கு. கார்னரில் நின்று காலைப் பிடிப்பவரைத் தேடி விளம்பரம் வருவது குறைவு. ஆக, வாய்ப்பு நல்லதுதான். பொருள்தான் வம்பு. பவுடரில் தடை செய்யப்பட்ட சரக்கு கலந்திருந்து ஊக்கமருந்து சோதனையில் அகப்பட்டால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடலுக்குள் போனதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பது விதி. அதோடு, விளம்பரம் தவறானது என்று தெரிந்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விளம்பரத்தில் தோன்றியவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. இதை விட்டுவிடச் சொல்வேன்.

ஷூ, பனியன் போன்ற விளம்பரம் வந்தால், அணி ஸ்பான்சரோடு மோதுகிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, அணி ஜெர்சி போடாமல் செய்யலாம். எத்தனை வீடியோ, எத்தனை மாதம், கம்பெனி அதைப் பணம் கட்டி விளம்பரமாக ஓட்டலாமா என்பதை எழுதிவிடுங்கள். ‘நிரந்தர உரிமை’ என்ற வரி இருந்தால் அடித்து நீக்கச் சொல்லுங்கள். தம்பி நாளை பெரிய ரைடரானாலும் பழைய வீடியோவை அதே காசில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பணத்துக்குப் பதில் பைக், போன் கொடுத்தாலும் அது வருமானம்தான். ஆண்டுக்கு 20,000-ஐத் தாண்டினால் அதற்கும் டிடிஎஸ் உண்டு. பணம் கட்டி ஆடும் ரம்மி, ஃபேன்டஸி ஆப் என்றால் போனிலேயே மறுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி, அதை விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.